கணக்கு சரி, கேள்விதான் தவறு

அமெரிக்க மருத்துவமனைகளில் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் எனப் பல நாள்பட்ட நோய்களால் அவதிப்படுவோருக்குத் தனிச் செவிலியரையும் கூடுதல் மருத்துவ நேரத்தையும் ஒதுக்கும் சிறப்புக் கவனிப்புத் திட்டங்கள் உண்டு. இடங்கள் குறைவு என்பதால், யாரைச் சேர்ப்பது என்பதை ஒரு மென்பொருள் அபாய மதிப்பெண் போட்டுத் தீர்மானிக்க உதவுகிறது. அத்தகைய மென்பொருள் ஒன்றை மருத்துவர் சியாட் ஓபர்மேயர், பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் ஆராய்ந்து, 2019 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர்.

மதிப்பெண் வரிசையின் உச்சியில் இருந்த 3 விழுக்காட்டினர் திட்டத்துக்குத் தாமாகவே அடையாளம் காணப்பட்டனர். அந்த எல்லைக்கோட்டில் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தவர்களில், வெள்ளையர்களுக்குச் சராசரியாக 3.8 நாள்பட்ட நோய்களும் கறுப்பினத்தவருக்கு 4.8 நோய்களும் இருந்தன. இத்தனைக்கும் நோயாளியின் இனம் என்ன என்பது மென்பொருளுக்குத் தெரிவிக்கப்படவே இல்லை.

பிறகு பாகுபாடு எந்த வழியாக நுழைந்தது? பழைய தரவிலிருந்து கற்கும் மென்பொருளுக்கு, எதைக் கணிக்க வேண்டும் என்ற இலக்கு ஓர் எண்ணாக வேண்டும். 'மருத்துவத் தேவை' என்பதற்கு ஆவணங்களில் அப்படி ஓர் எண் கிடையாது. காப்பீட்டு ரசீதுகளிலோ செலவுத் தொகை துல்லியமாக இருக்கிறது. ஆகவே அடுத்த ஆண்டு யாருக்கு அதிகம் செலவாகும் என்பதே இலக்காக வைக்கப்பட்டது. அந்தக் கணிப்பை மென்பொருள் இரு இனத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே துல்லியத்துடன் செய்தது. கணினி அறிவியலார் வழக்கமாக வைக்கும் துல்லியச் சோதனையில் அது தேறிவிடும்.

செலவுத் தொகை எப்படி உருவாகிறது என்று கேட்பது சமூக அறிவியலாரின் வேலை. நோய் வந்தால் மட்டும் ரசீது வந்துவிடாது. வேலையிலிருந்து விடுப்பும் போக்குவரத்து வசதியும் மருத்துவர் மீது நம்பிக்கையும் வேண்டும். 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமலே அதன் போக்கை அரசு கவனித்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில், அந்த நம்பிக்கை எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்க முடியாது. நோய்களின் எண்ணிக்கை சமமாக இருந்தும், கறுப்பினத்தவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,800 டாலர் குறைவாகவே செலவாகியிருந்தது. செலவு குறைந்தால் நோயும் குறைவு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது.

ஆய்வாளர்கள் குறை சொல்வதோடு நிற்கவில்லை. அதே தரவில், தீவிரமாக உள்ள நாள்பட்ட நோய்களின் எண்ணிக்கையை இலக்காக வைத்துப் புதிய கணிப்பு மாதிரியைப் பயிற்றுவித்தபோது, உச்சிப் பிரிவில் கறுப்பினத்தவரின் பங்கு 14.1 விழுக்காட்டிலிருந்து 26.7 ஆக உயர்ந்தது. பின்னர் தயாரிப்பு நிறுவனத்துடன் சேர்ந்து, சுமார் 37 லட்சம் பேரின் தரவில் செலவையும் உடல்நலத்தையும் இணைத்த இலக்கைச் சோதித்ததில், பாகுபாடு 84 விழுக்காடு குறைந்தது.

சிகிச்சையில் ஏற்றத்தாழ்வு இருப்பது சமூக அறிவியலாருக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்திதான். ஆனால் உள்ளீடு, மதிப்பெண், இலக்கு மூன்றும் கைக்குக் கிடைத்து, மாதிரியை மீண்டும் பயிற்றுவிக்கவும் முடிந்ததால்தான் அது மென்பொருளுக்குள் நுழைந்த இடத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தது. (நிறுவனங்கள் இவற்றை வணிக ரகசியம் என்று பூட்டி வைப்பதே வழக்கம்.) மென்பொருளை உருவாக்கி முடித்தபின் நெறிமுறைச் சான்றிதழில் கையொப்பமிட மட்டும் சமூக அறிவியலாரை அழைத்தால், இலக்கு அதற்குள் முடிவாகியிருக்கும்.

புதிய இலக்கும் குறையற்றதல்ல. மருத்துவர் கண்டறிந்து பதிவு செய்த நோயைத்தான் அது எண்ணுகிறது. மருத்துவமனைக்கே போகாதவரின் நோய் அதிலும் கணக்கில் வராது.