பத்து கண்டெய்னர் ஓடினாலும் டிஸ்க் ஏன் நிறைவதில்லை?

கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "ஜாங்கோவில் செய்த என் வெப் அப்ளிகேஷனின் டாக்கர் இமேஜ் கிட்டத்தட்ட ஒரு ஜிபி. அதிலிருந்து பத்து கண்டெய்னர் ஓட்டினேன். பத்து ஜிபி போய்விடும் என்று பயந்தேன். ஆனால் டிஸ்கில் இடம் குறைந்த மாதிரியே தெரியவில்லை, எல்லாம் சட்டென்று கிளம்பியும் விட்டன. இது எப்படி?"

ரொம்ப நல்ல கேள்வி. டாக்கர் என்பது ஓர் அப்ளிகேஷனை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் இமேஜ் என்ற பொதியாகக் கட்டி, அதிலிருந்து கண்டெய்னர்களை ஓட்டும் கருவி. டாக்கர் கட்டளைகளை மனப்பாடம் செய்துவிட்டு வேலைக்குப் போகிற பலர் இதைக் கேட்பதே இல்லை, ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தின் அழகே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கண்டெய்னர் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் இல்லை. அப்படி இருப்பது விர்ச்சுவல் மெஷின், அதற்குத் தனியாக ஒரு கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) பூட் ஆக வேண்டும். கண்டெய்னரில் ஓடுவது உங்கள் லினக்ஸில் ஓடும் மற்ற ப்ராசஸ்களைப் போல ஒரு சாதாரண ப்ராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்தான், கெர்னல் அதன் கண்ணுக்குக் காட்டுகிற உலகம் மட்டும் வேறு. உள்ளேயிருந்து பார்த்தால் அதன் ப்ராசஸ் எண் 1. வெளியே சர்வரில் பார்த்தால் அதே ப்ராசஸுக்கு 48213 என்பது போல ஏதோ ஒரு எண் இருக்கும். இப்படி வேறு உலகத்தைக் காட்டும் வேலையைச் செய்பவை நேம்ஸ்பேஸ்கள். எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு என்று அளவு வைப்பவை சிகுரூப்கள், கூகுள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கி 2008-ல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த வேலை அது. வேர் இன்னும் பழையது: ஒரு ப்ராசஸுக்கு "இந்த ஃபோல்டர்தான் உன் மொத்த டிஸ்க்" என்று காட்டும் சிஎச்ரூட் 1979-லேயே யூனிக்ஸில் இருந்தது. 2013-ல் டாக்கர் வந்து இவற்றையெல்லாம் சாதாரண டெவலப்பர் கைக்கு எட்டுகிற மாதிரி கோத்துக் கொடுத்தது. (விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் ஓடுகிறதே என்றால், அங்கே பின்னால் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை ஓட்டி அதற்குள்தான் இதெல்லாம் நடக்கிறது.)

சரி, டிஸ்குக்கு வருவோம்.

இமேஜ் என்பது ஒரே பெரிய கோப்பு இல்லை. பல அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு டார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை), அதற்குள் முந்தைய அடுக்கிலிருந்து என்னென்ன மாறியதோ அது மட்டும். கீழே டெபியன் என்ற லினக்ஸின் அடிப்படைக் கோப்புகள், அதன் மேல் பைத்தான், அதன் மேல் ஜாங்கோவும் மற்ற லைப்ரரிகளும், எல்லாவற்றுக்கும் மேலே நீங்கள் எழுதிய புரோகிராம் கோடு. ஒரு முறை உருவான அடுக்கை யாரும் மாற்ற முடியாது. அதன் பெயரே அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எஸ்எச்ஏ-256 ஹாஷ்தான், உள்ளே ஒரு பைட் மாறினாலும் பெயர் வேறாகிவிடும்.

கண்டெய்னர் கிளம்பும்போது லினக்ஸ் கெர்னலில் இருக்கும் ஓவர்லே ஃபைல்சிஸ்டம் இந்த அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, உச்சியில் காலியான ஓர் அடுக்கைப் போட்டு, மொத்தத்தையும் ஒரே ஃபோல்டராகக் காட்டுகிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களை அடுக்கி மேலிருந்து பார்ப்பது போல: மேல் தாளில் எழுத்து இருந்தால் அது தெரியும், இல்லையென்றால் கீழே இருப்பது தெரியும். ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் கெர்னல் மேலிருந்து கீழாகத் தேடி, முதலில் கிடைத்ததைக் கொடுக்கிறது.

எழுதும்போதுதான் வேடிக்கை. கீழ் அடுக்கில் இருக்கும் ஒரு கோப்பை உங்கள் அப்ளிகேஷன் திருத்தப் போகிறது என்று வையுங்கள். கீழே கை வைக்கக் கூடாது. அதனால் கெர்னல் அந்தக் கோப்பை முழுதாக உச்சி அடுக்குக்கு நகலெடுத்து, திருத்தத்தை அங்கே செய்கிறது. அதற்கப்புறம் தேடினால் மேலே இருக்கும் நகல்தான் முதலில் கிடைக்கும். அப்ளிகேஷனுக்கு எதுவுமே தெரியாது.

அழிப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கீழ் அடுக்கில் இருப்பதை அழிக்க முடியாது, ஆனால் அழிந்த மாதிரி தெரிய வேண்டும். அதனால் கெர்னல் உச்சி அடுக்கில் அதே பெயரில் ஓர் அடையாளக் கோப்பை வைக்கிறது, டிவைஸ்களை அடையாளம் காட்டும் மேஜர் எண், மைனர் எண் இரண்டும் 0 ஆக இருக்கும் ஒரு போலி டிவைஸ் கோப்பு. தேடிக்கொண்டு வரும் கெர்னல் அதைப் பார்த்ததும் "இப்படி ஒரு கோப்பே இல்லை" என்று பதில் சொல்லி அங்கேயே நின்றுவிடும். ஒன்றை இல்லாமல் ஆக்குவதற்கு இன்னொன்றைச் சேர்க்கிறார்கள்! இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

இப்போது மாணவியின் பத்து கண்டெய்னர்களைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது அதே ஒரு ஜிபி. ஒவ்வொன்றுக்கும் தனியாக இருப்பது உச்சியில் உள்ள காலி அடுக்கு மட்டும், அதில் அது எழுதிய லாகும் தற்காலிகக் கோப்புகளும் இருக்கும், சில கேபியோ எம்பியோ. கிளம்பும்போது எதையும் நகலெடுக்க வேண்டாம், அதனால்தான் அந்த வேகம். ராமிலும் இதே லாபம் உண்டு. பத்து ப்ராசஸும் டிஸ்கில் இருக்கும் அதே சி லைப்ரரிக் கோப்பைத்தான் படிக்கின்றன, கெர்னல் அதை ஒரே ஒரு முறை மெமரியில் ஏற்றி வைத்தால் போதும்.

இமேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் டாக்கர்ஃபைலில் வரிகளின் வரிசை ஏன் முக்கியம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலே உள்ளவற்றைத் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் லைப்ரரிகளின் பட்டியல் உள்ள கோப்பை முதலில் சேர்த்து, அவற்றை நிறுவிவிட்டு, உங்கள் கோடைக் கடைசியில் சேருங்கள். தினமும் மாறுவது கோடுதானே. சர்வருக்கு அனுப்பும்போதும் அங்கே ஏற்கெனவே இருக்கும் அடுக்குகள் போகாது, அந்தச் சின்ன மேல் அடுக்கு மட்டும் போகும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அடுக்கி வைத்து ஒன்றாகக் காட்டும் இந்த எண்ணம் டாக்கர் கம்பெனியில் பிறக்கவில்லை. பெல் லேப்ஸின் பிளான் 9 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் யூனியன் டைரக்டரிகள் இருந்தன. 2000-களின் முதல் பாதியில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் ஸாடோக்கின் குழு லினக்ஸுக்கு யூனியன்எஃப்எஸ் எழுதியது, அதற்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணமும் உதவியது. சிடியிலிருந்தே ஓடும் நாப்பிக்ஸ் போன்ற லினக்ஸ்கள் அதைப் பிடித்துக்கொண்டன, ஏனென்றால் சிடியில் எழுத முடியாது. டாக்கர் தன் ஆரம்ப நாட்களில் ஏயுஎஃப்எஸ் என்ற யூனியன்எஃப்எஸ்ஸின் உறவுக்காரனை வைத்து ஓடியது, 2014 கடைசியில்தான் ஓவர்லே கெர்னலுக்குள் வந்தது. யூனியன்எஃப்எஸ் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தபோது டாக்கர் என்று ஒன்று கிடையாது. நம் ஊரில் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் "இதனால் என்ன பயன், எத்தனை வருடத்தில் வரும்" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியை வடிகட்டியாக வைத்திருக்கும் வரை இப்படிப்பட்ட வேலைகள் இங்கிருந்து வராது என்பது என் உறுதியான கருத்து.

மாணவிக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அழிப்பது வெறும் மறைப்பு என்று பார்த்தோம் அல்லவா? இமேஜ் கட்டும்போது ஓர் அடுக்கில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள கோப்பைச் சேர்த்துவிட்டு அடுத்த அடுக்கில் அழித்தால், கண்டெய்னருக்குள் அது தெரியாது, ஆனால் இமேஜை இறக்கும் எவரும் கீழ் அடுக்கின் டார் கோப்பைப் பிரித்து எடுத்துவிடலாம். இமேஜின் அளவும் குறையாது. பாஸ்வேர்டை இமேஜுக்குள் கொண்டுவரவே வேண்டாம், ஓட்டும்போது வெளியிலிருந்து கொடுங்கள். கட்டும் நேரத்திலேயே ரகசியம் தேவைப்பட்டால், எந்த அடுக்கிலும் பதியாமல் கொடுக்க, டாக்கரின் இமேஜ் கட்டும் கருவியான பில்ட்கிட்டில் சீக்ரெட் மவுன்ட் என்ற வசதி இருக்கிறது. ஏற்கெனவே அப்படி ஓர் இமேஜை வெளியே ஏற்றியிருந்தால் அதை நீக்குவதோடு நிற்காமல் முதலில் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.