தரிசில் நகலாக்கம்: ‘அன்இனிஷியலைஸ்டு காப்பி’ – சொல் விளக்கம்

சி++ நிரல்மொழியின் நூலகத்தில் ‘அன்இனிஷியலைஸ்டு காப்பி’ என்றொரு செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு. இன்னும் எதுவும் கட்டப்படாத நினைவகத்தில் நகலெடுப்பது அதன் வேலை. ஸ்டெபானோவும் மெங் லீயும் உருவாக்கிய எஸ்டிஎல் என்ற பொது நிரல்கூறு நூலகத்தோடு வந்தது. 1998இல் வெளியான முதல் சி++ தரத்திலேயே இடம்பெற்றுவிட்டது. நாம் நேரடியாக இதை அழைப்பது அபூர்வம். ஆனால் வெக்டர் (நீளக்கூடிய வரிசைப் பட்டியல்) ஒன்றின் நகலாகப் புது வெக்டரை உருவாக்கும்போது உள்ளே நடப்பது இந்த வேலைதான். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முதலில் ‘இனிஷியல்’. நம் பெயருக்கு முன்னால் போடுகிறோமே, அதே இனிஷியல்தான். லத்தீனில் ‘இனிஷியம்’ என்றால் தொடக்கம்; உள்ளே செல்வதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல். நம் பள்ளிக் கணினிப் பாடநூல்கள் இனிஷியலைசேஷன் என்பதைத் ‘தொடக்க மதிப்பிருத்தல்’ என்கின்றன. ஒரு முழு எண் மாறிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பொருள்கள் (ஆப்ஜெக்ட்: தரவும் அதற்கான செயல்களும் சேர்ந்த அலகு) என்று வரும்போது இந்தச் சொல் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். அதே பாடநூல்களில் அசைன்மென்ட் (‘=’ குறியால் மதிப்பை இடுவது) என்பதற்கு ‘மதிப்பிருத்தல்’ என்று பெயர். அப்படியானால் தொடக்க மதிப்பிருத்தல் என்பது என்ன? முதல் தடவை செய்யும் மதிப்பிருத்தல், அவ்வளவுதான் என்று மாணவருக்குத் தோன்றும். சி++இல் இரண்டும் வேறு வேறு வினைகள். மதிப்பிருத்தலுக்கு இடப்பக்கம் ஏற்கெனவே உயிரோடு ஒரு பொருள் இருந்தாக வேண்டும். இனிஷியலைசேஷனில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே பொருள் அப்போதுதான் பிறக்கிறது. அன்இனிஷியலைஸ்டு காப்பி என்ற செயற்கூறு தனியாக இருப்பதே இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

கிட்டே போய்ப் பார்ப்போம். 64 பிட் கணினியில், ஜிசிசி என்ற சி++ நிரல்பெயர்ப்பியின் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) பொருள் ஒன்று 32 பைட். முதல் 8 பைட்டில் எழுத்துகள் இருக்கும் இடத்தின் முகவரி, அடுத்த 8இல் நீளம். மீதி 16இல் ஒன்று குட்டிச் சரமே உட்கார்ந்திருக்கும், அல்லது கொள்ளளவு இருக்கும். இப்படி எட்டு ஸ்ட்ரிங்குகளை நகலெடுக்க நினைவகம் ஒதுக்கித் தரும் ‘மாலக்’ செயற்கூறிடம் 256 பைட் வாங்குகிறோம். வாங்கிய இடத்தில் பழைய நிரல்பகுதி விட்டுச்சென்ற பிட்டுகள் அப்படியே கிடக்கின்றன. அங்கே சாதாரண ‘காப்பி’ செயற்கூறைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? அது ஒவ்வொரு இடத்திலும் மதிப்பிருத்து செயற்குறியை (‘=’) அழைக்கும். அந்தச் செயற்குறி இடப்பக்கம் ஒரு நல்ல ஸ்ட்ரிங் இருக்கிறது என்று நம்பும். குப்பை பிட்டுகளைக் கொள்ளளவு என்று படிக்கும். இடம் போதும் என்று தோன்றினால் குப்பை முகவரியில் போய் எழுதும். போதாது என்று தோன்றினால் புது இடம் வாங்கிக்கொண்டு, குப்பை முகவரியை ‘பழைய இடம்’ என்று திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். இரண்டுமே விபரீதம்.

இதைவிட மோசம், சில நேரம் எதுவுமே நடக்காது. இயங்குதளம் புதிதாகத் தரும் நினைவகப் பக்கங்கள் பாதுகாப்புக்காகப் பூஜ்ஜியத்தால் நிரப்பப்பட்டு வரும். முகவரியும் பூஜ்ஜியம், கொள்ளளவும் பூஜ்ஜியம் என்றால் மேலே சொன்ன செயற்குறி ஒப்பேற்றிவிடக்கூடும். சோதனையில் ஓடும் நிரல், பல மணி நேரம் இயங்கி, பயன்படுத்திய நினைவகம் திரும்பிவரத் தொடங்கியதும் சரியும். அந்த நேரத்தில் காரணத்தைத் தேடுவது பெரும்பாடு.

அன்இனிஷியலைஸ்டு காப்பி இடப்பக்கத்தைப் படிக்கவே படிக்காது. ஒவ்வொரு முகவரியிலும் நகல் ஆக்கியை (காப்பி கன்ஸ்ட்ரக்டர்) அழைத்துப் புதுப் பொருளைக் கட்டும். ஐந்தாவது ஸ்ட்ரிங்கைக் கட்டும்போது நினைவகம் தீர்ந்து விதிவிலக்கு (எக்செப்ஷன்: பிழை அறிவிப்பு) எழுந்தால், கட்டி முடித்த நான்கையும் அழிப்பிகளை (டெஸ்ட்ரக்டர்) அழைத்து நீக்கிவிட்டுத்தான் விதிவிலக்கை மேலே அனுப்பும். இந்த ஒழுங்கை நாமே கையால் எழுதினால் எங்கேனும் தவற விடுவோம். முழு எண் போன்ற எளிய வகைகளுக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம் என்பதால், நூலகம் பெரும்பாலும் பைட்டுகளை மொத்தமாக நகலெடுத்துவிடும்.

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம். ‘வெற்று நினைவகம்’, ‘காலி நினைவகம்’ என்றெல்லாம் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்த இடம் காலி அல்ல. பிட்டுகள் நிறையக் கிடக்கின்றன, அவை எதையும் குறிக்கவில்லை, அவ்வளவே. ‘பொருளற்ற நினைவகம்’ என்று சொல்லிப் பார்த்தேன். பொருள் என்றால் ஆப்ஜெக்ட். பொருள் என்றால் அர்த்தம். இரண்டும் இல்லாத இடம்! தமிழுக்கு வாய்த்த அழகு இது. ஆனால் படிப்பவர் ‘வீண்’ என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

நான் தேர்ந்தெடுப்பது தரிசு. தரிசு நிலம் வெறுமையாக இருப்பதில்லை, களை மண்டிக் கிடக்கும். பட்டா நம் பெயரில்தான் இருக்கும், இன்னும் பயிர் ஏறவில்லை. மாலக் தருவது சரியாக இதுதான். நமக்கென்று ஒதுக்கப்படாத நினைவகம் புறம்போக்கு. அங்கே கால் வைத்தால் இயங்குதளம் பெரும்பாலும் நிரலையே நிறுத்திவிடும். தரிசு, புறம்போக்கு என்ற வேறுபாடு கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடநூல் நடை வேண்டுமென்றால் ‘தொடக்கமிடாத நினைவகம்’ என்று எழுதலாம். ‘மதிப்பு’ என்ற சொல்லைத் தவிர்த்தால் போதும்.

‘காப்பி’க்கு வழக்கில் உள்ள ‘நகல்’ அரபிச் சொல். அங்கே அதற்கு இடம் மாற்றுதல் என்ற பொருளும் உண்டு. ஓலைச்சுவடிகளைப் ‘படியெடுத்த’ மரபு நமக்கு இருக்கிறது என்றாலும், ‘நகல் ஆக்கி’ நிலைத்துவிட்டதால் அதையொட்டியே போகலாம். சாதாரண காப்பி ‘நகலிடல்’, அன்இனிஷியலைஸ்டு காப்பி ‘நகலாக்கம்’. முன்னதில் மதிப்பை இடுகிறோம், பின்னதில் பொருளை ஆக்குகிறோம்.

ரஸ்ட் என்ற நிரல்மொழி இதையே ஒரு தரவு வகையாக்கியது. 2019 ஜூலையில் வந்த 1.36 பதிப்பில் ‘மேபி அன்இனிட்’ நிலைபெற்றது: தரிசாகவும் இருக்கலாம், விளைந்தும் இருக்கலாம், விளைந்துவிட்டது என்று நிரலர் உறுதி சொன்ன பிறகே உள்ளிருக்கும் மதிப்பை எடுக்க முடியும். சி++ எதிர்த்திசையையும் மறக்கவில்லை. 2017 தரத்தில் ‘டெஸ்ட்ராய்’ சேர்ந்தது. அது வரிசையாக அழிப்பிகளை அழைக்கும், நினைவகத்தைத் திருப்பித் தராது. அறுவடை முடிந்து நிலம் மறுபடி தரிசாகும், பட்டா நம்மிடமே இருக்கும்.