டைட் எண்ட்: சொல்லுக்குப் பொருள் என்ன, ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் லாபம் என்ன?

அமெரிக்கக் கால்பந்தில் 'டைட் எண்ட்' என்று ஓர் இடம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இறுக்கமான முடிவு' என்று வந்து நிற்கும், ஒன்றும் விளங்காது. எண்ட் என்பது இங்கே வரிசையின் கடைக்கோடி, முனை. டைட் என்பது பக்கத்து ஆளை ஒட்டி, நெருங்கி. ஆக, முன்வரிசையின் முனையில் பக்கத்தில் இருப்பவரை ஒட்டி நிற்கும் ஆட்டக்காரர், அவ்வளவுதான். ஆனால் பந்து பிடிக்கத் தெரிந்த இரண்டு டைட் எண்ட்களை ஒரே நேரத்தில் இறக்கினால் அணிக்கு லாபமா இல்லையா என்று ஒவ்வொரு சீசனும் ரசிகர்கள் முட்டிக்கொள்கிறார்களே, அந்தக் கேள்விக்கான விடை இந்த 'ஒட்டி' என்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதனால் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் விதி. தாக்கும் அணியின் 11 பேரில் குறைந்தது 7 பேர் பந்து வைத்திருக்கும் கோட்டில் வரிசையாக நிற்க வேண்டும். நடுவில் பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட், அதற்கும் வெளியே டாக்கிள் என்று ஐந்து தடியர்கள். இவர்கள் எதிராளியைத் தடுக்கலாம், எறியும் பந்தைப் பிடிக்க முடியாது. வரிசையின் இரண்டு முனைகளிலும் நிற்பவர்கள் மட்டும் பிடிக்கலாம், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும் பிடிக்கலாம். முனையில் இருப்பது ஒரு பதவி மாதிரி: உங்களுக்கு வெளியே இன்னொருவர் அதே கோட்டில் வந்து நின்றுவிட்டால் உங்கள் உரிமை போய்விடும். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஓரத்தில் தனியாக நிற்கும் ரிசீவரை, அதாவது ஓடிப்போய்ப் பந்து பிடிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்டவரைக் கவனியுங்கள், பந்து கிளம்புவதற்கு முன் அவர் பக்கவாட்டில் நிற்கும் நடுவரைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டுவார். நான் கோட்டில் இருக்கிறேனா, ஓரடி பின்னால் இருக்கிறேனா என்று உறுதிசெய்துகொள்கிறார், ஏனென்றால் அவர் ஓரடி முன்னால் வந்தாலே உள்ளே நிற்கும் டைட் எண்ட் பந்து பிடிக்கத் தகுதியில்லாதவர் ஆகிவிடுவார்.

முன்பாஸ், அதாவது பந்தை முன்னோக்கி எறிவது, 1906ல்தான் சட்டபூர்வமானது. அதற்கு முன்பும் பின்பும் வெகுகாலம் இரண்டு முனையாட்களுமே வெறும் 'எண்ட்'தான், இருவரும் டாக்கிளை ஒட்டித்தான் நிற்பார்கள். பந்து எறிவது பெருகப் பெருக ஒரு முனையாளை மட்டும் ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளி நிறுத்த ஆரம்பித்தார்கள், அவர் 'ஸ்பிளிட் எண்ட்' ஆனார், அதாவது பிரிந்து நிற்பவர். அவர் பிரிந்து போன பிறகுதான் போகாமல் இருந்தவருக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது, அதுதான் டைட். பெரியசாமி, சின்னசாமி என்று பெயர் வைப்பது இரண்டாவது சாமி வந்த பிறகுதானே. ஸ்பிளிட் எண்ட் என்ற பெயர் இன்று பெரும்பாலும் 'வைட் ரிசீவர்' என்ற பெயரில் கரைந்துவிட்டது, டைட் எண்ட் மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது.

அந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் மைக் டிட்கா. 1961ல் சிகாகோ பேர்ஸ் அணிக்காக முதல் வருடமே 56 பந்து பிடித்து 1,076 யார்டு முன்னேறினார், 12 டச்டவுன், அதாவது எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்தது 12 முறை. தடுப்பதற்கென்று நிறுத்தப்பட்ட ஆள் இப்படி ஓடிப் பிடிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அறிமுக ஆண்டில் ஒரு டைட் எண்ட் எடுத்த அதிகபட்ச யார்டு என்ற அந்தக் கணக்கு 2024ல் ரெய்டர்ஸின் பிராக் பவர்ஸ் 1,194 எடுக்கும்வரை 63 வருடம் அப்படியே இருந்தது. 1980களில் சான் டியேகோவின் கெல்லன் வின்ஸ்லோ, டாக்கிளிடமிருந்து விலகி நின்று ரிசீவர் போலவே ஆடினார். அப்போதே பெயருக்கும் ஆட்டத்துக்கும் இடைவெளி விழ ஆரம்பித்துவிட்டது.

அந்த இடைவெளி ஒருநாள் வழக்கு வரைக்கும் போனது, இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். 2014ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி ஜிம்மி கிரஹாமை விட மனமில்லாமல் 'ஃப்ரான்சைஸ் டேக்' போட்டு ஒரு வருடத்துக்குப் பிடித்து வைத்தது. அந்த ஒரு வருடச் சம்பளம் ஆடும் இடத்தைப் பொறுத்தது: டைட் எண்ட் என்றால் சுமார் 70 லட்சம் டாலர், வைட் ரிசீவர் என்றால் சுமார் 1.23 கோடி. முந்தைய சீசனில் 86 பந்து, 1,215 யார்டு, 16 டச்டவுன் எடுத்தவர் கிரஹாம். பாதிக்கு மேல் நான் டாக்கிளை ஒட்டி நிற்கவே இல்லையே, அப்புறம் எப்படி டைட் எண்ட் ஆவேன் என்று முறையிட்டார். நியாயமான கேள்விதான். விசாரித்த மத்தியஸ்தர் ஸ்டீபன் பர்பேங்க், டாக்கிளிலிருந்து நாலு யார்டுக்குள் நின்றால் அது டைட் எண்ட் நிற்கும் இடமே என்று எடுத்துக்கொண்டு அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கிரஹாம் தன் ட்விட்டர் பக்கத்தில் தன்னை டைட் எண்ட் என்று எழுதி வைத்திருந்ததும் அவருக்கு எதிராகவே போனது. பிறகு அதே மாதம் நாலு வருடத்துக்கு 4 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார், அது வேறு கதை. 'டைட்' என்றால் எத்தனை யார்டு என்று அளந்து பார்க்கும் அளவுக்கு அந்தச் சொல்லில் பணம் இருக்கிறது.

சரி, இரண்டு டைட் எண்ட் விஷயம். பயிற்சியாளர்கள் இதை '12' என்று சொல்வார்கள், ட்வெல்வ் பர்சனல். முதல் இலக்கம் பின்னால் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் எத்தனை பேர், இரண்டாவது இலக்கம் டைட் எண்ட் எத்தனை பேர். முன்வரிசைத் தடியர்கள் ஐந்து பேரும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் போக இருக்கும் ஐந்து பேரில் மிச்சம் வைட் ரிசீவர். 12 என்றால் ஒரு ரன்னிங் பேக், இரண்டு டைட் எண்ட், இரண்டு ரிசீவர். இன்று என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக்கில் அதிகம் ஆடப்படுவது 11, அதாவது மூன்று ரிசீவர். அந்த மூன்றாவது ரிசீவரை உட்கார வைத்துவிட்டு இன்னொரு டைட் எண்ட்டை இறக்குவது எதற்கு? ஆதியில் தற்காப்புக்காகத்தான். 1981ல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு லாரன்ஸ் டெய்லர் என்ற காப்பாளர் வந்து குவார்ட்டர்பேக்குகளைத் துவைத்து எடுக்க, வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் அவரைச் சமாளிக்க இரண்டாவது டைட் எண்ட்டை நிறுத்தினார், இருவரில் ஒருவரைக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். தடுப்புக்கு இன்னொரு உடம்பு, அவ்வளவுதான் நோக்கம்.

அந்த இரண்டாவது உடம்புக்குப் பந்து பிடிக்கவும் தெரிந்தால்தான் எதிரணிக்குத் தலைவலி. காப்பவர்கள் உள்ளே வரும் ஆட்களைப் பார்த்துத்தான் தங்கள் ஆட்களை மாற்றுவார்கள். மூன்று ரிசீவர் வந்தால் முன்வரிசைக்குப் பின்னால் நின்று காக்கும் லைன்பேக்கர் ஒருவரை எடுத்துவிட்டு ஐந்தாவது பின்கள வீரரை, அதாவது வேகமான சின்ன உடம்புக்காரரை இறக்குவார்கள், இது 'நிக்கல்'. இரண்டு டைட் எண்ட் வந்தால் எதை இறக்குவது? கனத்த லைன்பேக்கர்களை வைத்துக்கொண்டால் அவர்களால் ஓடும் டைட் எண்ட்டைத் துரத்த முடியாது. நிக்கல் இறக்கினால் 110 கிலோவுக்கு மேல் இருக்கும் இரண்டு பேர் அந்தச் சின்ன ஆட்களை ஒதுக்கித் தள்ள, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரன்னிங் பேக் ஓடிக்கொண்டே இருப்பார். இரண்டு முனையிலும் ஒட்டி நின்றால் வரிசை நீள்கிறது, காப்பவர்கள் அடைக்க வேண்டிய இடைவெளிகளும் கூடுகின்றன.

இதைக் கச்சிதமாகச் செய்து காட்டியது 2011ன் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். புது வீரர்களை அணிகள் எடுக்கும் முந்தைய வருடத் தேர்வில் இரண்டாம் சுற்றில் ராப் கிரான்கௌஸ்கி, நாலாம் சுற்றில் ஆரன் ஹெர்னாண்டஸ். 2011ல் கிரான்கௌஸ்கி 90 பந்து, 1,327 யார்டு, பிடித்த டச்டவுன் மட்டும் 17. ஹெர்னாண்டஸ் 79 பந்து, 910 யார்டு, 7 டச்டவுன். கிரான்கௌஸ்கி டாக்கிளை ஒட்டி நின்று தடுப்பதில் பல டாக்கிள்களைவிடக் கெட்டிக்காரர். ஹெர்னாண்டஸ் நகரும் ஆள், டென்வருக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அவரை ரன்னிங் பேக் இடத்திலேயே நிறுத்தி 5 முறை ஓடவிட்டு 61 யார்டு எடுத்தார்கள். விதியில் ஒரு வசதி உண்டு: தாக்கும் அணி ஆள் மாற்றினால் எதிரணிக்கும் மாற்ற நேரம் கொடுக்க வேண்டும், மாற்றாவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அதே 11 பேரை வைத்துக்கொண்டு ஒரு முறை எல்லோரையும் நெருக்கி நிறுத்தி ஓட்டம், கூடிப் பேசாமலே அடுத்த முறை எல்லோரையும் விரித்து எறிதல் என்று மாறிக்கொண்டே இருப்பார், எதிரணி தவறான ஆட்களோடு மாட்டிக்கொண்டு விழிக்கும். 13 வெற்றி, 3 தோல்வி, சூப்பர் பவுல் என்னும் இறுதிப்போட்டி வரை போனார்கள். அங்கே கணுக்காலில் அடிபட்ட கிரான்கௌஸ்கி ஒப்புக்கு ஆடினார், 2 பந்து, 26 யார்டு, ஜயன்ட்ஸ் 21-17 என்று ஜெயித்தது. இரண்டு பேரை நம்பிக் கட்டிய ஆட்டத்தில் ஒருவர் நொண்டினால் அவ்வளவுதான், மூன்றாவது டைட் எண்ட் என்று அதே தரத்தில் எவரும் பெஞ்சில் இருக்க மாட்டார். 2013ல் ஹெர்னாண்டஸ் கொலை வழக்கில் கைதாக, அன்றே அணி அவரை நீக்க, அந்த ஜோடி அத்தோடு முடிந்தது.

பத்து வருடம் கழித்து அதே அணி அதையே காசு கொடுத்து வாங்கப் பார்த்தது. 2021 மார்ச்சில் ஜானு ஸ்மித்துக்கு நாலு வருடத்துக்கு 5 கோடி டாலர், ஹன்டர் ஹென்றிக்கு மூன்று வருடத்துக்கு 3.75 கோடி. ஹென்றி 50 பந்து, 9 டச்டவுன் என்று பரவாயில்லாமல் ஆடினார். ஸ்மித் 28 பந்து, 294 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். ஸ்மித்துக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது, 2024ல் மயாமியில் 88 பந்து பிடித்தவர் அவர். ஆக, பந்து பிடிக்கும் இரண்டு பேரை வாங்கிப் போட்டால் தானாக நடந்துவிடுகிற காரியம் இல்லை இது.

இங்கேதான் 'டைட்' திரும்ப வருகிறது. ஒட்டி நின்று தடுக்கத் தெரியாத டைட் எண்ட் இரண்டு பேரை இறக்கினால் எதிரணி கண்ணை மூடிக்கொண்டு நிக்கல் இறக்கிவிடும், ஓட்டத்துக்குப் பயமில்லை என்று தெரியும். அப்போது உங்களிடம் இருப்பது கொஞ்சம் மெதுவாக ஓடும் நாலு ரிசீவர். இருவரில் ஒருவராவது தடுப்பில் நிஜமான ஆளாக இருந்தால்தான் ஓட்டமா, எறிதலா என்ற சந்தேகம் நிற்கும். 2019 பால்டிமோர் ரேவன்ஸைப் பாருங்கள்: மார்க் ஆண்ட்ரூஸ் 852 யார்டு, 10 டச்டவுன் என்று பந்து பிடித்தார், கூடவே நிக் பாயில் முட்டித் தள்ளினார், ஹேடன் ஹர்ஸ்ட் மூன்றாவது. அந்த அணி அந்த சீசனில் ஓட்டத்திலேயே 3,296 யார்டு எடுத்தது, லீக் சாதனை. அதே வருடம் பிலடெல்பியாவிலும் ஸாக் எர்ட்ஸ், டாலஸ் கோடர்ட் என்று அருமையான ஜோடி, 88 பந்தும் 58 பந்தும். ஆனால் ரிசீவர்கள் வரிசையாக அடிபட்டதும் வேறு வழியில்லாமல் சாய்ந்துகொண்ட சுவர் அது, 9 வெற்றி, 7 தோல்விக்கு மேல் போகவில்லை.

எதிரணிகளும் சும்மா இல்லை. ரேவன்ஸின் கைல் ஹாமில்டன் மாதிரி லைன்பேக்கர் உடம்பும் பின்கள வீரரின் காலும் உள்ள சேஃப்டிகளை, அதாவது கடைசி வரிசையில் நின்று காப்பவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அப்படி ஒருவர் இருந்தால் ஆள் மாற்ற வேண்டியதே இல்லை, 12ன் பாதி வேலை கெட்டுவிடும். ஆகவே என் பதில்: லாபம்தான், ஒருவருக்காவது தடுப்பு கைவந்திருந்தால். இல்லையென்றால் மூன்றாவது ரிசீவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'இறுக்க முனை' வேண்டாம், பொருள் தப்பு. 'கடையர்' என்றால் வேறு அர்த்தம் ஒட்டிக்கொள்ளும். 'நெருங்கு முனையர்' பொருத்தம், ஆனால் வாயில் வராது. எனக்கு 'ஒட்டுமுனையர்' பிடித்திருக்கிறது, அதற்குக் கூடுதல் காரணமும் உண்டு: ஒட்டி நிற்பதும் ஒட்டு, ஒட்டுமாவில் இரண்டு ரகத்தைச் சேர்த்துக் கட்டுவதும் ஒட்டு, இந்த ஆளோ டாக்கிள் பாதி ரிசீவர் பாதி. 'முனைவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பட்டம் வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்பிளிட் எண்ட் 'விலகுமுனையர்'. இரண்டு டைட் எண்ட் வைக்கும் அமைப்பு 'இரட்டை ஒட்டுமுனை'. 12 என்பதை எழுத்தில் '12 அமைப்பு' என்றே விடலாம். இலக்கங்களைப் பிரித்து 'ஒன்றிரண்டு' என்று எழுதினால் ஏதோ ஒருவரோ இருவரோ மட்டும் ஆடுவது போல இருக்கும். பேச்சில், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் டைட் எண்ட் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான்.