செம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? பிளாஸ்மா டார்ச்சின் உள்ளே

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இப்போது கட்டும் வீடுகளின் வாசல் கேட்டைப் பாருங்கள். தகட்டில் வெட்டிய தாமரை, அன்னம், கொடி என்று ஏதாவது ஒரு பூ வேலை இருக்கும். பழைய செட்டிநாட்டு வீடுகளின் கிராதிகளில் கம்பியை வளைத்து, ரிவெட் அடித்துச் செய்த வேலையைப் பார்க்கலாம். இன்றைய முறை வேறு. 3 மி.மீ. அல்லது 5 மி.மீ. தகட்டை மேசையில் கிடத்தி, படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிளாஸ்மா டார்ச்சால் வெட்டி எடுக்கிறார்கள். டார்ச் போகிற வழியெல்லாம் இரும்பு உருகிப் பொறியாகக் கீழே கொட்டுகிறது.

பட்டறை வாசலில் நிற்பவர்கள் அந்தப் பொறியைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு வியப்பெல்லாம் டார்ச்சின் நுனியில்தான். அதன் துளை வழியே பாயும் வாயுவின் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். டார்ச் நுனியோ வெறும் செம்பு, 1,085 டிகிரியில் உருகிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சூட்டை உண்டாக்குவது அவ்வளவு கடினமில்லை, மின்சாரம் கொடுத்தால் போதும். வேண்டாத இடத்துக்கு அது போகாமல் பிடித்து வைப்பதில்தான் டார்ச் வடிவமைத்தவர்களின் மூளை முழுக்கச் செலவாகியிருக்கிறது.

கேஸ் கட்டிங் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கேஸ் கட்டிங்கில் இரும்பு எரிகிறது. சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி ஆக்சிஜனைப் பாய்ச்சினால் இரும்பு தானே எரிந்து ஆக்சைடாகி வழிந்தோடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது நடக்காது, அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சைடு லேசில் உருகாத தோலாகப் படிந்து ஆக்சிஜனை மறித்துவிடும். அலுமினியம் இன்னும் மோசம். உலோகம் 660 டிகிரியில் உருகும், மேலே படியும் ஆக்சைடுக்கோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். 1950களில் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் இருந்த ராபர்ட் கேஜ் இதற்கு வழி கண்டார். ஆர்கான் வெல்டிங்கில் வருகிற ஆர்க்கை, அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்சுடரை, குளிரவைத்த ஒரு குறுகிய செம்புத் துளைக்குள் நுழைத்து அனுப்பினார். ஆர்க் ஒல்லியானது, சூடும் வேகமும் ஏறின. எரியாத உலோகத்தையும் உருக்கி ஊதித் தள்ள முடிந்தது. 1957-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

சாதாரணக் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. போதுமான சூடு ஏறினால் அதன் மூலக்கூறுகள் உடைந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து வெளியே வரும். அதுதான் பிளாஸ்மா. 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வகங்களில் கரைசலுக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். பிளாஸ்மாவில் பெரும்பாலான சுமை எடை குறைந்த எலக்ட்ரான்களின் தலையில் விழுகிறது.

டார்ச்சின் நடுவில் இருக்கும் எலக்ட்ரோடு எதிர்முனை. எர்த் கிளாம்ப் மாட்டிய தகடு நேர்முனை. இடையில் இருப்பது நாசில் என்கிற செம்புத் தொப்பி. சின்ன மெஷின்களில் எலக்ட்ரோடும் நாசிலும் முதலில் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். டிரிக்கரை அழுத்தியதும் இரண்டுக்கும் இடையே மின்சாரம் ஓடும். அப்புறம் காற்று வந்து எலக்ட்ரோடைப் பின்னால் தள்ளும். பிரிகிற அந்த நொடியில் ஒரு பொறி பறக்கும், அதைக் காற்று துளை வழியே வெளியே ஊதும். இதுதான் பைலட் ஆர்க். தகட்டின் பக்கத்தில் போனதும் ஆர்க் அதற்குத் தாவிவிடும். உடனே நாசிலுக்குப் போகும் மின்பாதையை மெஷின் துண்டித்துவிடும். பல மெஷின்களில் உயர் அதிர்வெண் பொறியால் தொடங்குவார்கள். அந்தப் பொறி பக்கத்தில் உள்ள கம்ப்யூட்டரைக் குழப்பும் என்பதால், கம்ப்யூட்டர் மேசைகளுக்குத் தொட்டுப் பிரியும் முறையே நல்லது.

இப்போது நாசிலுக்கு வருவோம். 40 ஆம்பியர் டார்ச்சில் துளையின் விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. ஆர்க்கின் மின்னழுத்தம் 120 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 4,800 வாட். இவ்வளவு ஆற்றலும் அந்த ஊசித்துளை வழியாகத்தான் போயாக வேண்டும். செம்பைக் காப்பாற்றுவது, உள்ளே இருக்கும் சுழல் வளையம் என்கிற சின்ன உதிரிபாகம். அதன் துளைகள் நேராக இல்லாமல் சாய்வாக இருக்கும். அதனால் காற்று சுழன்றுகொண்டே உள்ளே வரும். மோர் கடையும்போது நடுவில் குழி விழுந்து மோர் ஓரத்தில் ஏறுமே, அதே கணக்கில் குளிர்ந்த, கனமான காற்று துளையின் சுவரை ஒட்டிப் போகும். சூடான, லேசான பிளாஸ்மா நடுவில் நிற்கும். குளிர்ந்த காற்று மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்தையும் அதிகம் விடாது. செம்புக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவே இருக்கிற சுவர் அந்தக் காற்றுப் படலம்தான்.

அந்தப் படலம் கிழிந்தால் என்ன ஆகும்? ஆர்க் நேராகத் தகட்டுக்குப் போகாமல் எலக்ட்ரோடிலிருந்து நாசிலுக்கும், நாசிலிலிருந்து தகட்டுக்கும் இரண்டு துண்டாகத் தாவும். இதை இரட்டை ஆர்க் என்பார்கள். நாசில் தகட்டில் இடித்தாலும், காற்று குறைந்தாலும், துளை தாங்குவதற்கு மேல் ஆம்பியர் வைத்தாலும் இது நடக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புது நாசிலின் துளை கூர்மையான விளிம்போடு வட்டமாக இருக்கும். அடி வாங்கிய நாசிலில் துளை முட்டை வடிவமாகி, ஒரு ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அதற்கு மேல் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் வெட்டு நேராக வராது.

நாசிலுக்காவது காற்றுச் சுவர் உண்டு. எலக்ட்ரோடுக்கு அதுவும் கிடையாது, ஆர்க்கின் வேரே அதில்தான் இருக்கிறது. ஆர்கானில் டங்ஸ்டன் பிரமாதமாகத் தாங்கும், 3,422 டிகிரி வரை உருகாது. ஆனால் அது ஆக்சிஜனில் கண்ணெதிரே கரைந்து போகும். வெட்டுவதற்குச் சும்மா கிடைக்கிற காற்றையே பயன்படுத்த வேண்டும் என்றால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வாழத் தெரிந்த உலோகம் வேண்டும். முதலில் சிர்க்கோனியம் வந்தது. அதைவிட நன்றாகத் தாங்கியது ஹாஃப்னியம்.

ஹாஃப்னியம் 2,233 டிகிரியிலேயே உருகிவிடும், டங்ஸ்டனைவிட மிகக் குறைவு. ஆனாலும் அதன் ஆக்சைடும் நைட்ரைடும் இன்னும் அதிக சூட்டைத் தாங்கும், அந்தச் சூட்டில் எலக்ட்ரான்களையும் உமிழும். டங்ஸ்டனை அழிக்கிற ஆக்சிஜன், ஹாஃப்னியத்துக்குக் கவசமாகி நிற்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். எலக்ட்ரோடின் நுனியை உற்றுப் பார்த்தால் செம்பின் நடுவே வெள்ளிநிறப் பொட்டு ஒன்று தெரியும். அதுதான் ஹாஃப்னியம். அதை இறுக்கிப் பிடித்திருக்கும் செம்பு சூட்டைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். மலிவு எலக்ட்ரோடில் இந்தப் பிடிப்பு தளர்வாக இருந்தால், சூடு இறங்க வழியில்லாமல் பொட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இந்த உலோகத்துக்கும் நம் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், மோனசைட் கனிமங்களோடு சிர்க்கோனியத்தின் தாதுவான சிர்க்கானும் கிடைக்கிறது. எந்த ஊர் சிர்க்கானை எடுத்தாலும் அதில் சிர்க்கோனியத்தோடு கொஞ்சம் ஹாஃப்னியமும் கலந்தே இருக்கும். இரண்டும் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி என்பதால்தான், 1923-ல் கோப்பன்ஹேகனில் காஸ்டரும் ஹெவசியும் எக்ஸ்-ரே வைத்துப் பார்க்கும் வரை ஹாஃப்னியம் யார் கண்ணிலும் படவில்லை. அணு உலைக்குப் போகும் சிர்க்கோனியத்தில் ஹாஃப்னியம் இருக்கவே கூடாது, நியூட்ரான்களை அது பல நூறு மடங்கு அதிகமாக விழுங்கும். ஆகவே மெனக்கெட்டுப் பிரித்து எடுக்கிறார்கள். உலைக்கு ஆகாது என்று ஒதுக்கியது டார்ச்சுக்குப் பயன்பட்டது.

ஆர்க் எரியும்போது அந்தப் பொட்டின் முகத்தில் ஹாஃப்னியம் உருகிய நிலையில் ஒரு துளியாக நிற்கிறது. வெட்டிக்கொண்டே போனால் தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கும். அடி விழுவது தொடக்கத்திலும் முடிவிலும். ஆர்க் அணையும் நொடியில் காற்று அதே வேகத்தில் வீசினால் உருகிய ஹாஃப்னியம் சிதறிப் போகும், பொட்டில் பள்ளம் விழும். இதைத் தடுக்கத்தான் நல்ல மெஷின்கள் மின்சாரத்தையும் காற்றையும் படிப்படியாகக் குறைத்து, துளி உறைந்த பிறகு நிறுத்துகின்றன. பள்ளம் ஒன்றரை மில்லிமீட்டரை நெருங்கினால் எலக்ட்ரோடை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்க் செம்பையே தின்னத் தொடங்கும்.

பூ வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தகட்டை நீளமாக நேரே வெட்டினால் ஒரே தொடக்கம். அதே நீளத்துக்கு இதழ் இதழாக நூறு ஓட்டை போட்டால் நூறு தொடக்கம், நூறு முடிவு. எலக்ட்ரோடு சீக்கிரம் போய்விட்டது என்று மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் படத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து இதழ்களை ஒரே கோட்டில் சேர்த்து வரைந்தால் எலக்ட்ரோடின் ஆயுள் கூடும்.

காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. செட்டிநாடு வறண்ட பூமி என்றாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரசர் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். தினமும் திறந்து வடித்துவிட வேண்டும், ஃபில்டரும் டிரையரும் வேண்டும். தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போனால் நாசிலும் எலக்ட்ரோடும் சேர்ந்தே போகும். இன்னொன்று, நாசிலைக் கழற்றும்போது மெஷின் அணைந்திருக்க வேண்டும். ஆர்க் இல்லாத நேரத்தில் அங்கே 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். தொப்பி சரியாக மாட்டாவிட்டால் மின்சாரம் வராதபடி உள்ளே ஒரு சுற்று வைத்திருப்பார்கள். அந்தப் பாதுகாப்புச் சுற்று வேலை செய்யாதபடி வயரை நேரடியாக இணைத்துவிட்டு ஓட்டுவதை எந்த அவசரத்துக்காகவும் செய்யக் கூடாது.

சுழல் வளையம் செம்பைக் காப்பாற்றுவதோடு, வெட்டு விளிம்பிலும் ஒரு தடம் விடும். பெரும்பாலான டார்ச்சுகளில் காற்று வலப்பக்கமாகச் சுழல்கிறது. அதனால் டார்ச் போகும் திசைக்கு வலது ஓரம் ஏறத்தாழ நேராக இருக்கும், இடது ஓரம் சாய்ந்துவிடும். ஆகவே வெளி விளிம்பை வலஞ்சுழியாகவும் உள்ளே வரும் ஓட்டைகளை இடஞ்சுழியாகவும் வெட்டுவார்கள். அப்போது சாய்வான ஓரம் முழுவதும் கழிவுத் துண்டோடு போய்விடும். திசையை மாற்றி வைத்தால் நல்ல ஓரம் குப்பைக்குப் போய், சாய்ந்த ஓரம் கேட்டில் வந்து நிற்கும். அந்த விளிம்பில் காற்றின் நைட்ரஜனும் கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதால், சட்டத்தோடு பற்றவைக்கும் இடத்தில் கிரைண்டரை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டிங்கில் குமிழி விழும்.