பேட்ஜுக்குத் தெரியாத விரல்

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலைகள் ஆண்டுப் பராமரிப்புக்காக நின்றால், எங்களுக்கு ராத்திரி வேலை தொடங்கிவிடும். பாய்லர் குழாய்களில் புதிதாகப் போட்ட வெல்டிங் சரியா என்று காமா கதிரால் படம் எடுப்பார்கள். நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. கயிறு கட்டுவது, கதிர் அளக்கும் மீட்டரைப் பார்ப்பது, "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று கத்துவது என் பாடு.

ஓர் இரவு, படம் எடுத்து முடிந்ததும் உதவியாள் ஒருவன் மீட்டரைப் பார்க்காமலே, கேமராவிலிருந்து கதிர்த் துண்டு வந்துபோகும் குழாயின் முனையைப் பிடிக்கப் போனான். என் மீட்டர் அலறிக்கொண்டிருந்தது. கேபிள் சிக்கி, கதிர் வீசும் இரிடியம் துண்டு, அதைப் பூட்டி வைக்கும் பெட்டியான கேமராவுக்குள் திரும்பாமல் வெளியிலேயே நின்றிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பயல் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம், பட்ட கதிரைப் பதிய மார்பில் மாட்டும் பேட்ஜைக் காட்டிச் சொன்னான்: "பேட்ஜ் போட்டிருக்கேனே அண்ணே. மூணு மாசமா அதுல ஒண்ணும் ஏறலயே."

அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது.

கணக்கைப் பாருங்கள். 50 கியூரி வலுவுள்ள இரிடியம்-192, ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 240 மில்லிசீவர்ட் தரும். உடலில் படும் கதிரை அளக்கும் அலகு அது. தூரம் பத்தில் ஒன்றானால் அளவு நூறு மடங்கு. ஆக, ஒரு சென்டிமீட்டரில் ஒரே விநாடிக்கு 600க்கும் மேல். அந்த விநாடியில் அரை மீட்டர் தள்ளி மார்பில் தொங்கும் பேட்ஜில் ஏறுவது கால் மில்லிசீவர்ட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பேட்ஜ் பொய் சொல்லவில்லை. விரலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நம் மலேசியாவில் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் 2010இல் வந்த விதிமுறைகள், கதிர்வீச்சுத் தொழிலாளியின் உடல் முழுவதற்கும் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று வைத்திருக்கின்றன. தோலுக்கு 500. பொதுமக்களின் தோலுக்கு 50. "தோலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாராளம்?" என்று பயிற்சியில் கேட்பார்கள். தாராளமே இல்லை. புற்றுநோய் ஆபத்துக் கணக்கில் தோலுக்கான பங்கு நூற்றில் ஒன்று. உடலுக்கான 20ஐ மட்டும் நம்பினால், தோல் 2000 வரை வாங்கலாம் என்று ஆகிவிடும். ஒரே நேரத்தில் அவ்வளவு பட்டால் தோல் சிவக்கும். அதைத் தடுக்கத்தான் தனி வரம்பு.

அனைத்துலகப் பரிந்துரைப்படி தோலில் பட்டதை அளக்கும் இடம், தோலின் மேற்பரப்பிலிருந்து 0.07 மில்லிமீட்டர் ஆழம். அதிகம் பட்ட 1 சதுர சென்டிமீட்டரின் சராசரிதான் கணக்கு. நம் ஐந்து சென் காசில் பாதிகூட இல்லாத இடம் அது. அமெரிக்காவில் 2002இல் இதை 10 சதுர சென்டிமீட்டராக மாற்றினார்கள். எங்கள் மாதிரி வேலைக்குச் சின்ன இடத்தைப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

கதிர் படும்போது சுடாது, வலிக்காது. அதுதான் இதில் மோசம். தோலில் 2000 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் சில மணி நேரத்தில் லேசாகச் சிவந்து மறையும். 6000 அளவில், பத்து நாள் போல் கழித்து உண்மையான சிவப்பு வரும். 15,000ஐத் தாண்டினால் சில வாரத்தில் தோல் உரிந்து நீர் வடியும். அதற்குள் ஆலையில் எல்லோரும் அந்த இரவை மறந்திருப்பார்கள்.

1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர், கீழே கிடந்த இரிடியம் துண்டை எடுத்துக் கால்சட்டைப் பின்பையில் போட்டுக்கொண்டார். பல மணி நேரம் அது அங்கேயே இருந்தது. கடைசியில் அவருடைய வலது காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆலைக்காரர்கள், தோட்டத்து லயத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். படம் எடுத்த இடத்தில் பளபளவென்று சின்ன உலோகத் துண்டோ அறுந்த கேபிள் முனையோ கிடந்தால் தொடாதீர்கள், காலால் தள்ளாதீர்கள். தூரப் போய் ஆளைக் கூப்பிடுங்கள். கையில் காரணமில்லாமல் சிவப்போ கொப்புளமோ வந்து கிளினிக் போனால், "ஆலையில் வெல்டிங்குக்குக் காமா படம் எடுத்தாங்க, நான் பக்கத்துல இருந்தேன்" என்று தேதியோடு சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சுடுநீர் பட்ட புண் என்று மருந்து தடவி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பயல் இப்போது படம் எடுப்பவனாகிவிட்டான். போன தடவை பார்த்தபோது, என்னையே மீட்டர் இல்லாமல் கயிற்றைத் தாண்டவிடவில்லை.