சப்வூஃபர்: வூஃபருக்கும் கீழே

சப்வூஃபர் என்றதும் சுவரை 'திம் திம்' என்று அதிர வைக்கும் பெட்டிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அதன் வேலை என்ன என்பது பெயருக்குள்ளேயே இருக்கிறது. அது புரிந்துவிட்டால், வீட்டு ஸ்டீரியோவோடு இணைக்கும்போது வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

'வூஃப்' என்பது நாய் குரைப்பதைக் குறிக்கும் ஆங்கில ஒலிக்குறிப்பு, நம் 'லொள்' மாதிரி. ஆனால் 'லொள்' கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். 'வூஃப்' பெரிய நாயின் அடித்தொண்டையிலிருந்து எழுவது. அதனால்தான் தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஸ்பீக்கருக்கு வூஃபர் என்று பெயர் வந்தது. உயர்ந்த ஒலிகளைத் தருவது ட்வீட்டர், அதாவது பறவையின் கீச்சொலி. 'சப்' என்பது லத்தீன் முன்னொட்டு; பொருள் 'கீழ்'. சப்மரைனில் இருப்பதும் அதுவே. ஆக, சப்வூஃபர் என்றால் வூஃபர் எட்டாத இடத்துக்குக் கீழே இறங்கி ஒலிப்பது.

மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரை கேட்கும். இதில் 20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரையான அடிப்பகுதிதான் பெரும்பாலும் சப்வூஃபரின் இடம். 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் சுமார் 17 மீட்டர் நீளம். அதைக் கேட்கும்படி எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது.

சரி, இணைப்புக்கு வருவோம். முதலில் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 'சப் அவுட்' என்ற துளை இருந்தால் அங்கிருந்து ஒரே ஒரு ஆர்சிஏ கேபிள் (நடுவில் ஒற்றை ஊசி உள்ள வட்டமான முனை கொண்டது) போதும். இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரையே வாங்கிக்கொள்ளும் 'ஹை லெவல்' முனைகள் சப்வூஃபரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பீக்கர் வயரை ஆர்சிஏ துளையில் மட்டும் கொடுத்துவிடக் கூடாது, சர்க்யூட் கெட்டுப்போகலாம். அப்புறம் கிராஸ்ஓவர், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற அமைப்பு. வூஃபர் ஓயும் இடத்தில் சப்வூஃபர் தொடங்க வேண்டும். பல வீடுகளுக்கு 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். அந்த எண்ணை அதிகம் ஏற்றினால் இரண்டும் ஒரே ஒலியை எழுப்பி, பாடகரின் குரல் கூடக் குடத்துக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

தமிழில் என்ன சொல்வது? இசைத்தமிழில் தாழ்ந்த நிலைக்கு 'மெலிவு' என்ற அழகான பழஞ்சொல் உண்டு. ஆனால் 'மெலிவு ஒலிபெருக்கி' என்றால் இன்று வலுவில்லாத ஸ்பீக்கர் என்றே புரிந்துகொள்வார்கள். 'துணை ஒலிபெருக்கி' என்பதும் பொருந்தாது, இங்கே 'சப்' துணையல்ல. எனக்குப் பிடித்தது 'அடியொலிபெருக்கி'. அடித்தொண்டை, அடிவயிறு, அடிமனம் என்று எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதை நாம் 'அடி' என்றுதானே சொல்கிறோம்? அந்த ஒலியை உணர்வதும் அடிவயிற்றில்தான். அப்படியானால் வூஃபரைத் 'தாழொலிபெருக்கி' எனலாம், ட்வீட்டரைக் 'கீச்சொலிபெருக்கி' எனலாம். ஆம்ப்ளிஃபயரின் 'சப் அவுட்' துளைக்கு 'அடியொலி வெளியீடு'.