இம்ப்ளாண்ட் – ஊன்றுவேர்

"இம்ப்ளாண்ட் போட்டாச்சும்மா" என்று மருத்துவர் சொன்னதும் சித்தி கண்ணாடியை வாங்கி வாயைத் திறந்து பார்த்தார். கீழ்க் கடைவாயில் ஈறும் இரண்டு தையலும்தான் தெரிந்தன. "பல்லு எங்கடா?" என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகாணி. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பருமன், 10 மில்லிமீட்டர் நீளம், சுற்றிலும் மரை. அதாவது, செயற்கை வேர். அதன் தலையில் பொருத்தும் துண்டு அபட்மென்ட். வெளியே தெரியும் பல் கிரவுன், நம் பேச்சில் 'கேப்'. செலவு கேட்கும்போது, சொல்லும் தொகை திருகாணிக்கு மட்டுமா, மூன்றுக்கும் சேர்த்தா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

லத்தீனில் 'பிளாண்டா' என்றால் உள்ளங்கால். நடுவதற்கு எடுக்கும் இளந்தளிருக்கும் அதே சொல். காலால் மண்ணை மிதித்து நட்டதில் இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டன என்பார்கள். முன்னே 'இன்' சேர்ந்தால் உள்ளே நடுவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் மருத்துவமனைப் பலகைகளுக்கு வந்தது.

தமிழில் 'பல் உள்வைப்பு' என்று எழுதுகிறோம். எனக்கு அதில் நிறைவில்லை. பெட்டிக்குள் நகையை வைப்பதும் உள்வைப்புதான். பெட்டி ஒன்றும் செய்வதில்லை. இங்கேயோ எலும்புதான் வேலை செய்கிறது. 1952இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் ஆய்வுக்காக வைத்த டைட்டானியக் கருவியை எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்திருந்தது. 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அதே உலோகத்தை ஊன்றினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை அது நிலைத்தது. இந்தப் பிடிப்புக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் ஆஸியோஇன்டக்ரேஷன். கை முறிந்து சேர்ந்தால் 'எலும்பு கூடிருச்சு' என்கிறோமே, அந்தக் 'கூடுதல்' இதற்கும் பொருந்தும்.

ஆகவே என் பரிந்துரை: ஊன்றுவேர். விதை ஊன்றுகிறோம், பந்தல்கால் ஊன்றுகிறோம், காலை ஊன்றி நிற்கிறோம். லத்தீன் சொல்லில் இருக்கும் காலும் நடவும் இந்த ஒரே வினையில் இருக்கின்றன. திருகாணி ஊன்றுவேர் என்றால், மேலே பல் கட்டி முடித்தது ஊன்றுபல்.

வேர் என்று புரிந்துவிட்டால் காத்திருப்பும் புரியும். எலும்பு கூடுவதற்கு வழக்கமாகக் கீழ்த்தாடையில் மூன்று மாதம் ஆகும். மேல்தாடை எலும்பு மென்மையானது, ஆறு மாதம்வரை போகலாம். சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைப்பார்கள், ஆனால் அதில் முறுக்கு கடிக்க முடியாது. பல் போய்ப் பல வருடமானால் அந்த இடத்து எலும்பு தேய்ந்திருக்கும். அப்போது முதலில் எலும்புத்தூள் வைத்து நிரப்ப வேண்டிவரலாம்.

கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் புகையும் இந்தக் கூடுதலைக் கெடுக்கும். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், சில மருந்துகளால் தாடைப் புண் ஆறாமலே போகலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் தீரும் நேரம் கடந்தும், மறுநாளும் கீழுதடு மரத்தே இருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், நரம்பு அழுந்தியிருக்கலாம்.

ஊன்றுபல்லுக்குச் சொத்தை வராது. ஆனால் அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கி, சுற்றியுள்ள எலும்பு கரையும். வலியே இல்லாமல்கூட இது நடக்கும் என்பதால் துலக்குவதோடு நிற்காமல் பரிசோதனைக்கும் போகவேண்டும்.

நான்காம் மாதம் சித்தி போன் செய்தார்: "வேர் பிடிச்சிருச்சாம்டா. வர்ற வியாழக்கிழமை பல்லுக்கு அளவெடுக்கிறாங்க."